உப்புத் தண்ணி ஊர்ல கியோகுரோ போடுறது எப்படிங்க?

நொய்யல்கரை (திருப்பூர்):
ஜப்பான் யமே பகுதி கியோகுரோ (நிழல்ல வளர்க்குற பச்சைத் தேயிலை) 50 கிராம் வந்திருக்குதுங்க. கெட்டில் உண்டு; தெர்மாமீட்டரும் ஜப்பான் டீக்குடுவையும் இல்லை. போர் தண்ணி, கெட்டில் அடியில வெள்ளையா படியும். இலை எவ்வளவு, தண்ணி எவ்வளவு, என்ன சூடு? குடிக்கும்போது எதைக் கவனிக்கோணும்?

சிறுவாணி (கோவை):
முதல்ல தண்ணிய மாத்துங்க. வெள்ளை படியுற தண்ணியில டீ மங்கி, ருசி அமுங்கிப் போயிரும். சிறுவாணி தண்ணி வர்ற வீடுன்னா குளோரின் வாடை போக மூடியத் திறந்து கொதிக்க விட்டாப் போதும். உங்களுக்கு ஆர்.ஓ. தண்ணிதான் சரி, டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்ச உப்போட அளவு) 50-லிருந்து 100-க்குள்ள இருக்கட்டும். 10, 15-க்கு இறக்குனா சப்புன்னு போயிரும்.

5 கிராம் இலைக்கு 60 மில்லி தண்ணி. கம்மியாத் தெரியும், ஆனா இது டம்ளர் நெறைய குடிக்கிற டீ இல்லைங்க. தெர்மாமீட்டர் வேண்டியதில்லை: கொதிச்ச தண்ணி 30 மில்லி, கொதிக்க வெச்சு ஆறின தண்ணி 30 மில்லி, பீங்கான் கப்புல கலங்க. கப்பும் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கும். 55, 60 டிகிரிக்கு வந்து நிக்கும். சின்னப் பீங்கான் கிண்ணத்துல இலை மேல ஊத்தி மூடி, 2 நிமிசம் தொடாதீங்க. ஆட்டுனா, கலக்குனா கலங்கிக் கசக்கும். சன்னமான வடிகட்டியில கடைசிச் சொட்டு வரைக்கும் வடிச்சிரோணும். மிச்சம் நின்னா இலை ஊறி அடுத்த தடவைக்குக் கெட்டுப்போகும்.

ரெண்டாவது தடவை 40 மில்லி சூடு, 20 மில்லி ஆறினது, அரை நிமிசம். மூணாவதுக்கு 50, 10.

பந்தல்நிழல் (கோபி):
சூடு ஏன் கம்மியா இருக்கோணும்னா: பறிக்கிறதுக்கு முன்னால 20 நாள் வாக்குல செடிய மூடி வெக்கிறாங்க. வெயில் பட்டா இலையில உமாமி ருசி தர்ற தியானின் துவர்ப்பான கேட்டச்சினா மாறும். நிழல்ல அந்த மாற்றம் குறையுது. தியானின் இளஞ்சூட்டுலயே இறங்கிரும். கேட்டச்சினும் கஃபீனும் சூடு ஏற ஏறத்தான் வேகமா இறங்கும். முதல் தடவையே 80 டிகிரி தண்ணிய ஊத்துனா அந்த 20 நாள் வேலையும் வீண்.

5 மில்லி மட்டும் உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரவ விட்டு முழுங்குங்க. முதல்ல கெட்டியான உமாமி, காளான் குழம்புல அடியில நிக்கிற ருசி மாதிரி. பிறகு இனிப்பு, கடைசியா லேசான துவர்ப்பு. முழுங்கினப்புறம் மூக்கு வழியா மூச்சு விட்டுப் பாருங்க, பாதி ருசி அங்கதான் இருக்குது. காரம் சாப்பிட்ட வாய்க்கு இது ஒண்ணுமே தெரியாது. கஃபீன் அதிகம், வெறும் வயித்துலயும் ராத்திரியும் வேண்டாங்க.

ஊத்துக்குளி:
சித்திரை வெயிலுக்கு இலை மேல ஐஸ் கட்டி வெச்சு உருக விடுங்க. கசப்பே எட்டிப் பாக்காது. ஐஸும் ஆர்.ஓ. தண்ணியில உறைஞ்சதா இருக்கோணும்.

நொய்யல்கரை (திருப்பூர்):
நன்றிங்க. பாக்கெட் திறந்ததும் கடல்பாசி வாடை அடிக்குதே, பழசா?

பந்தல்நிழல் (கோபி):
இல்லீங்க, நல்ல சரக்கு. அது நிழல்ல வளர்ந்த இலைக்கே உண்டான வாசம், டைமெத்தில் சல்ஃபைடு. பழசுன்னா வைக்கோல் வாடை வரும், கரும்பச்சை போய் மஞ்ச தட்டும். திறந்த பாக்கெட்டைக் காத்துப் போகாத டப்பாவுல போட்டு, அடுப்புக்கும் மசாலா டப்பாக்களுக்கும் தள்ளி வெச்சு ஒரு மாசத்துல முடிங்க. திறக்காத பாக்கெட்டுதான் ஃப்ரிட்ஜுக்கு. வெளிய எடுத்தா அரை நாள் கழிச்சுத் திறங்க, இல்லைன்னா ஈரம் கோத்துக்கும்.

சிறுவாணி (கோவை):
வடிச்ச இலையக் கொட்டிராதீங்க. ரெண்டு சொட்டு சோயா சாஸ் விட்டு அப்படியே திங்கலாம்.