டெம்ப்ளேட் போதுமா, கையால் எழுதிப் பழகணுமா?

மார்த்தாண்டம் டிசைனர்:
மக்கா, ஒரு சந்தேகம். ஐந்து வருடமாக பிளெக்ஸ், கல்யாணக் குறி (அழைப்பிதழ்), தேன் பாட்டில் லேபிள் எல்லாம் வடிவமைக்கிறேன். இப்போது வெப்சைட்டும் கேட்கிறார்கள். பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு எச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ் என்று கையால் எழுதிப் பழகவா, ரெடிமேட் டெம்ப்ளேட் வாங்கிப் படத்தை மாற்றிக் கொடுக்கவா?

வடசேரி வேர்ட்பிரஸ்:
பழகாதே. நாகர்கோவில் சிப்ஸ் கடைக்காரர் எட்டாயிரம் தருவார், வெள்ளிக்கிழமை வேண்டும் என்பார். அவரிடம் போய், "அண்ணாச்சி, இப்போதுதான் பக்கத்தைக் கட்டம் பிரிக்கும் கிரிட் படிக்கிறேன்" என்பாயா? வெப்சைட் போடும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2003இலிருந்து இருக்கிறது, ரெடிமேட் சிஎஸ்எஸ் தொகுப்பான பூட்ஸ்டிராப் 2011இல் வந்தது. ஆயிரம் பேர் தட்டிப் பார்த்த பானை. நீ எதற்கு மறுபடி மண் குழைக்கிறாய்?

குளச்சல் கோடர்:
ஓய், அந்தப் பானை ஆங்கிலத்துக்கு அளவெடுத்தது. திற்பரப்புப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேக்கு டெம்ப்ளேட் போட்டேன். 'ரூம்ஸ்' இருந்த இடத்தில் 'தங்குமிடவசதிகள்' என்று வைத்தேன். 360 பிக்சல் போனில் தலைப்பு பக்கத்தை விட்டு வெளியே போயிற்று. லைன்ஹைட், அதாவது வரி உயரம், எழுத்தளவைப் போல 1.1 மடங்குதான் என்பதால் மேல்வரி 'கூ'வின் வாலும் கீழ்வரி 'கி'யின் கொக்கியும் முட்டிக்கொண்டன. அந்த ஒரு வரியை அடுத்தவர் எழுதிய சிஎஸ்எஸ்ஸுக்குள் தேட எனக்கு இரண்டு நாள்.

வடசேரி வேர்ட்பிரஸ்:
அதற்கு வாசிக்கத் தெரிந்தால் போதும். எழுத வேண்டாம்.

குளச்சல் கோடர்:
எழுதாமல் வாசிப்பு எப்படி வரும்? 2003இல் டேவ் ஷே என்ற டிசைனர் சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்ற வெப்சைட்டைத் தொடங்கினார். எச்டிஎம்எல் எல்லாருக்கும் ஒன்றுதான், அதைத் தொடக்கூடாது. சிஎஸ்எஸ்ஸை மட்டும் மாற்றி ஒவ்வொரு டிசைனரும் வேறு வேறு பக்கம் காட்டினார்கள். டிசைனருக்கு அதைவிடப் பயிற்சி இல்லை. அன்றைக்குப் பத்தி பிரிக்க, ஒன்றை இடமோ வலமோ ஒதுக்கும் ஃப்ளோட்டோடு மல்லுக்கட்டினார்கள். 2017இல் பெரிய பிரவுசர்களுக்கு கிரிட் வந்தாயிற்று, மூன்று பத்திக்கு இரண்டே வரி.

தோவாளை பூக்கடை:
நான் டிசைனர் இல்லை, காசு கொடுத்தவன். எனக்கும் பக்கத்துக் கடைக்கும் ஒரே டெம்ப்ளேட், அதே இடத்தில் அதே வெள்ளைக்காரப் பெண் சிரிக்கிறாள். பிச்சி விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. மேலே விலைக்கு ஒரு வரி கேட்டேன். பிளக்இன் என்று ஒரு கூடுதல் மென்பொருள் வாங்கணும், தனிக் காசு என்றார் போட்டுக்கொடுத்தவர். கையால் எழுதினால் என்ன, காலால் எழுதினால் என்ன, அந்த வரி வரணும்.

வடசேரி வேர்ட்பிரஸ்:
அது ஆளின் சோம்பேறித்தனம். டெம்ப்ளேட் என்ன செய்யும்?

மார்த்தாண்டம் டிசைனர்:
சரி, தேன் கடைக்கு ஒற்றைப் பக்கம் கையாலேயே எழுதிவிட்டேன். லேப்டாப்பில் அழகு. போனில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி.

வடசேரி வேர்ட்பிரஸ்:
எச்டிஎம்எல்லின் தலைப்பகுதியான ஹெட்டில், போனுக்குப் பக்க அகலம் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரி போட்டிருக்க மாட்டாய். அது இல்லையென்றால் போன் தன்னை 980 பிக்சல் அகலம் என்று நினைத்து மொத்தப் பக்கத்தையும் சுருக்கிவிடும். அந்த வரியில் விட்த் ஈக்வல்ஸ் டிவைஸ்விட்த் (போனின் அகலமே பக்க அகலம்) என்று போடு.

டெம்ப்ளேட்டில் அது முதலிலேயே இருக்கும், பார்த்துக்கோ.