சூலகக் கட்டிக்கு 3 மி.மீ. லேப்ராஸ்கோபியா, வழக்கமான 5 மி.மீ. போதுமா?

வெண்பனி:
இடப்பக்கச் சூலகத்தில் 6 செ.மீ. நீர்க்கட்டி, எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லேப்ராஸ்கோபிதான் (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்வது), அதில் குழப்பமில்லை. ஆனால் வழக்கமான 5 மி.மீ. கருவிகளா, 3 மி.மீ. கருவிகளால் செய்யும் மினி லேப்ராஸ்கோபியா என்று என்னையே யோசித்து வரச் சொன்னார். மினியில் தழும்பும் குறைவு, வலியும் குறைவு என்று படித்தேன். அப்படியென்றால் எல்லோரும் ஏன் அதையே செய்வதில்லை?

பச்சைஅங்கி:
தியேட்டர் நர்ஸ் நான், இரண்டுக்கும் நின்றிருக்கிறேன். மினி என்றதும் எல்லாத் துளையும் 3 மி.மீ. என்று நினைத்துவிடாதீர்கள். அடிவயிற்றில் கருவிகளுக்காகப் போடும் இரண்டு மூன்று துளைகள்தான் பெரும்பாலும் சிறியதாகும், தொப்புளில் கேமராவுக்கு 5 அல்லது 10 மி.மீ. அப்படியே இருக்கும். 3 மி.மீ. கேமராவும் உண்டு, ஆனால் வெளிச்சம் கம்மி, கொஞ்சம் ரத்தம் கசிந்தாலே திரை மங்கிவிடும் என்பதால் பல டாக்டர்கள் அதை விரும்புவதில்லை.

அப்புறம் கட்டியை வெளியே எடுக்க வேண்டுமே! அதை ஒரு பைக்குள் போட்டு, நீரை உறிஞ்சிச் சுருக்கி, பெரும்பாலும் தொப்புள் வழியாகத்தான் இழுப்பார்கள். 3 மி.மீ. துளைக்குள் அந்தப் பை போகாது. டெர்மாய்டு கட்டி என்றால் உள்ளே கொழுப்பும் முடியும் இருக்கும், உறிஞ்சினாலும் முழுதாகச் சுருங்காது, துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தக்கூட வேண்டி வரும். ஆகவே உங்கள் கட்டி எந்த வகை, எந்தத் துளை வழியாக வெளியே வரும் என்று முதலில் கேளுங்கள்.

தூறல்:
நான் மினியில் செய்துகொண்டவள். பக்கத் துளைகளில் தையலே இல்லை, ஒட்டும் பட்டைதான் போட்டார்கள், இப்போது தேடினால்தான் தழும்பு தெரியும். வலி பற்றி மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். எனக்குத் துளைகளைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. வயிற்றை உப்ப வைக்க கார்பன் டை ஆக்சைடு ஏற்றுகிறார்கள் அல்லவா, அது உதரவிதானத்தை உறுத்துவதால் வலி தோளில் தெரியும், கருவி எத்தனை மி.மீ. என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தம் வைப்பார்களாம், அதைக் குறைவாக வைத்துச் செய்ய முடியுமா, முடிவில் வாயுவை நன்றாக வெளியேற்றுவார்களா என்று கேட்பது இந்தத் துளைச் சண்டையைவிட உபயோகமானது.

கோணல்கோடு:
ஏன் எல்லோரும் செய்வதில்லை என்பதற்குப் பாதி பதில் இயந்திரவியலில் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை, பொறியாளர். ஒரே உலோகத்தில் ஒரே நீளத்துக்குச் செய்த தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, அதாவது 5-ஐ 3 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். இறுகிய திசுவை இழுத்துப் பிடிக்கும்போது வளையும். வடிவமைப்பில் கொஞ்சம் ஈடுகட்டலாம், முழுக்க முடியாது.

பச்சைஅங்கி:
சரியாகச் சொன்னீர்கள். வளைவது ஒன்று, பிடிக்கும் தாடை சின்னது, ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் கருவிகளில் 3 மி.மீ.யில் கிடைப்பவை குறைவு. கருக்குழாய் அடைப்புப் பரிசோதனை, குடும்பக் கட்டுப்பாடு, சாதாரண நீர்க்கட்டி இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். ஆழமாக இறங்கிய எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), பெரிய ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி), பழைய அறுவையால் குடல் ஒட்டிக்கிடக்கும் வயிறு என்றால் 5 மி.மீ.தான் நிம்மதி. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளிலும் தழும்பில்தான் மினி முன்னே நிற்கிறது, வலியில் வித்தியாசம் சிறியது, சிலவற்றில் தெரியவே இல்லை. 10 மி.மீ. துளை மட்டும் வேறு கதை, உள்ளே தசை உறையைத் தைக்காவிட்டால் பிற்பாடு குடலிறக்கம் வர வாய்ப்புண்டு.

வெண்பனி:
நன்றி. டெர்மாய்டு மாதிரிதான் இருக்கிறது என்று ஸ்கேனில் எழுதியிருக்கிறார்கள். தொப்புளில் எப்படியும் பெரிய துளை என்றால், பக்கத்தில் 2 மி.மீ. மிச்சம் பிடிக்க நான் ஏன் அலைய வேண்டும் என்று தோன்றுகிறது.

தூறல்:
உங்கள் டாக்டர் மினியை அடிக்கடி செய்பவர் என்றால் அலைச்சலே இல்லை, அதிலேயே செய்துகொள்ளுங்கள். நடுவில் தேவைப்பட்டால் 5 மி.மீ.க்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்புதல் படிவத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எப்போதாவது செய்பவர் என்றால் அவர் கைக்குப் பழகியதையே எடுக்கட்டும்.