ஃபீஸ் கொடுப்பவர் முதலாளி என்றால் ஆடிட்டர் யாருக்கு வேலை பார்க்கிறார்?

கீழமாசிக்காரன்:
பத்தொன்பது வருடமாக மதுரையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடமாக வசூலாகாத பாக்கியை இன்னும் வரவேண்டிய பாக்கி என்றே ஏன் காட்டுகிறீர்கள், அந்தந்தப் பார்ட்டியிடம் கடிதம் வாங்கிக் கொடுங்கள் என்று எங்கள் பழைய ஆடிட்டர் பிடிவாதமாகக் கேட்டார். அடுத்த வருடம் ஆடிட்டர் மாறிவிட்டார். புதியவர் நான் வாங்கி வைத்த காபி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஆளைப் பிடிப்பதும் காசு கொடுப்பதும் ஒரே ஆள் என்றால் இது தணிக்கையா, இல்லை வாடகைக் கையெழுத்தா?

புதூர் ஆடிட்டர்:
கோபம் புரிகிறது அண்ணே, ஆனால் பாதிதான் சரி. உங்களுடையது பார்ட்னர்ஷிப்பாக இருக்கும், அங்கே ஆளை மாற்றுவது சுலபம். கம்பெனி என்றால் காலம் முடியுமுன் ஆடிட்டரை நீக்க மத்திய அரசின் அனுமதியும் வேண்டும், பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் வேண்டும். நான் பார்த்தவரை தரம் கெடுவது நேரமில்லாமல்தான். செப்டம்பரில் எங்கள் ஆபீசுக்கு வந்து பாருங்கள். ஒருவர் வருடத்துக்கு 60 டாக்ஸ் ஆடிட் (வருமான வரிக்கான தணிக்கை) வரை போடலாம், அதில் பாதிப் பார்ட்டி கடைசிப் பத்து நாளில்தான் கட்டைப்பையில் பில்லைத் திணித்துக்கொண்டு வருவார்கள், அப்போதும் பக்கத்துத் தெருவில் ஐயாயிரத்துக்குப் போடுகிறார்களே சார் என்று பேரம். ஐயாயிரத்துக்கு எத்தனை வவுச்சரைப் புரட்டுவது?

ஆர்டிகிள் பையன்:
ஆடிட்டர் ஆபீசில் பயிற்சிக்கு இருப்பவன் நான், இரண்டுமே பொருந்தாத ஒன்று சொல்கிறேன். போன வருடம் ஒரு ஸ்டாக் ஆடிட்டுக்கு, அதாவது பேங்க் கடனுக்கு ஈடாகக் காட்டிய சரக்கை எண்ணிப் பார்க்க, போனேன். எங்களை நியமித்தது பேங்க், முதலாளி இல்லை. (ஃபீஸை பேங்க் பார்ட்டி கணக்கிலேயே கழித்துக்கொண்டது, அது தனிக்கதை.) குடோனில் துவரம்பருப்பு மூட்டை அட்டி கூரையைத் தொட்டது. முன்வரிசையை எண்ணினேன், உயரத்தை எண்ணினேன், உள்ளே எத்தனை வரிசை என்று அவர்கள் ஆளையே கேட்டுப் பெருக்கி எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர், "மேலே ஏறிப் பார்க்கலையா தம்பி?" என்று சிரித்தார். ஏறினால் நடுவில் கிணறு மாதிரி வெறும் பள்ளம். சீனியரிடம் சொன்னேன், ரிப்போர்ட்டில் எழுதினார். அந்த அண்ணன் அன்றைக்கு லீவு போட்டிருந்தால்?

கீழமாசிக்காரன்:
தம்பிக்கு வயசு, விடுங்கள். சத்யம் என்ற ஐ.டி. கம்பெனிக்கு ஆடிட்டராகப் போனது பிரைஸ் வாட்டர்ஹவுஸ், உலகப் பெரிய ஆடிட் ஃபர்ம். அங்கேயும் ஆள் இல்லையா, ஃபீஸ் பத்தவில்லையா? 2009 ஜனவரி 7 அன்று கம்பெனித் தலைவர் ராமலிங்க ராஜு தானே கடிதம் எழுதிய பிறகுதான், கணக்கில் இருந்த ரொக்கத்திலும் பேங்க் இருப்பிலும் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஊருக்குத் தெரிந்தது.

புதூர் ஆடிட்டர்:
அதையும் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். பேங்க் இருப்புக்கான உறுதிக் கடிதத்தை ஆடிட்டர் நேரே பேங்குக்கு அனுப்பி நேரே வாங்க வேண்டும். அதைக் கம்பெனி நிர்வாகத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்றுதான் 2011-இல் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி. 60 லட்சம் டாலர் அபராதம் போட்டது. உள்ளே எத்தனை வரிசை என்று குடோன் ஆளிடம் கேட்ட கதைதான், தொகைதான் பெரியது. சரி, உங்கள் பக்கத்துக்கும் ஒன்று தருகிறேன். கணக்கு மோசடியில் திவாலான அமெரிக்க கம்பெனி என்ரானிடம் அதன் ஆடிட்டர் ஆர்தர் ஆண்டர்சன் 2000-இல் ஆடிட்டுக்கு வாங்கியது 2.5 கோடி டாலர், ஆலோசனை போன்ற மற்ற வேலைக்கு 2.7 கோடி டாலர். அப்படி வாங்குகிறவருக்கு எதிர்த்துப் பேச வாய் வராது. நம் 2013 கம்பெனிச் சட்டமும் ஆடிட்டரே அந்தக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுவதையும் இன்டர்னல் ஆடிட் பார்ப்பதையும் தடுத்திருக்கிறது.

கப்பலூர் மில்:
முதலாளி என்றாலே திருடன் மாதிரிப் பேசுகிறீர்கள். பங்குச்சந்தையில் லிஸ்ட் ஆன கம்பெனியில் ஒரே ஆடிட் ஃபர்ம் தொடர்ந்து பத்து வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஆனால் அந்த விதி எங்களைப் போன்ற சின்ன பிரைவேட் லிமிடெட்டுக்கு இல்லை. பதினைந்து வருடமாக ஒரே ஆடிட்டர். அந்தப் பழக்கத்தில்தான் ஒரு வருடம் ஈ.பி. பில்லை எடுத்துவைத்து, யூனிட்டை நூல் கிலோவால் வகுத்துப் பார்த்து, "கரண்ட் இவ்வளவு ஓடியிருக்கு, நூல் எங்கே?" என்று கேட்டார். புதிதாக வருகிறவருக்குக் கழிவுப் பஞ்சு எவ்வளவு போகும் என்பதே தெரியாது, அவர் எங்கே இதைக் கேட்கப்போகிறார்?

கீழமாசிக்காரன்:
கேட்டதும் நீங்கள் என்ன செய்தீர்கள் அண்ணாச்சி?

கப்பலூர் மில்:
பேர் போடாமல் எழுதுவதால் சொல்கிறேன். பில் இல்லாமல் போன நூல்தான். ஆறு மாதம் அவர் போனை எடுக்கவில்லை, ஃபீஸும் தரவில்லை. கணக்கைத் திருத்தாமல் கையெழுத்து இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். அப்புறம் திருத்தினேன், வரியையும் கட்டினேன்.

புதூர் ஆடிட்டர்:
ஆறு மாதம் உங்கள் ஃபீஸ் வராமலும் ஆபீசுக்கு வாடகை கொடுக்க முடிந்திருக்கிறதே அவரால். மற்ற பார்ட்டிகள் நிறைய இருந்திருப்பார்கள்.

கீழமாசிக்காரன்:
அதைத்தானே சார் முதலிலிருந்து சொல்கிறேன்.