பிள்ளையின் கார் சீட்: 15 மாதத்தில் முன்பக்கம் திருப்பிவிடலாமா, 4 வயது வரை பின்நோக்கியா?

ஹாரோ அம்மா:
மகனுக்கு 14 மாதம், 10 கிலோ. பிறந்ததிலிருந்து இருக்கும் கார் சீட்டில் தலை விளிம்பைத் தொட்டுவிட்டது, அடுத்தது வாங்க வேண்டும். இங்கே பிரிட்டனில் ஐ-சைஸ் சீட் (பிள்ளையின் உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் வகை) என்றால் 15 மாதம் தாண்டும் வரை பின்நோக்கி உட்காரவைப்பது கட்டாயம், அதற்குப் பிறகு நம் விருப்பம். 105 செ.மீ. உயரம் வரை பின்நோக்கியே வைக்கக்கூடிய சீட் வாங்கலாம் என்கிறேன். கணவர் தேவையில்லை என்கிறார். எங்களுடையது சின்ன ஹேட்ச்பேக். நீங்கள் என்ன செய்தீர்கள்?

டூட்டிங் அப்பா:
உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. மகளை 20 மாதத்தில் முன்பக்கம் திருப்பினோம். அதுவரை பர்மிங்காம் போகும் ஒவ்வொரு தடவையும் வாந்தி, அழுகை. திருப்பிய பிறகு இரண்டும் குறைந்தது. பிள்ளை கதறும்போது ஓட்டுகிறவருக்குக் கவனம் எங்கே இருக்கும்? அதுவும் ஆபத்துதானே. காலை மடக்கிக்கொண்டு உட்காருவதைப் பார்க்கவே பாவமாக இருந்தது, மோதினால் முறிந்துவிடுமோ என்று வேறு பயம்.

கொவென்ட்ரி நர்ஸ்:
தம்பி, கால் பயத்தை முதலில் விடுங்கள். முன்நோக்கி உட்காரும் பிள்ளைகளுக்குத்தான் காலில் அதிகம் அடிபடுகிறது, கால் வீசி முன்சீட்டில் மோதுவதால். உடைந்த கால் கூடிவிடும். நான் பயப்படுவது கழுத்துக்கு.

சின்னப் பிள்ளைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரியது, கனமானது. கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாக எலும்பாகவில்லை, இடையிடையே குருத்தெலும்புதான். நேருக்கு நேர் மோதும்போது பட்டி உடம்பைப் பிடித்துக்கொள்கிறது, தலை மட்டும் முன்னால் பாய்கிறது. அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில். பின்நோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து சீட்டுக்குள் அழுந்தும், விசை பரவிவிடும். 15 மாதப் பிறந்தநாளன்று கழுத்து மாறிவிடுவதில்லை. சட்டம் சொல்வது குறைந்தபட்சம், அவ்வளவுதான்.

டூட்டிங் அப்பா:
அக்கா, கழுத்து விஷயம் புரிகிறது. ஆனால் பின்நோக்கி வைத்தால் "ஐந்து மடங்கு பாதுகாப்பு" என்று எல்லா இடத்திலும் போடுகிறார்களே, அது 2007இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து எடுத்தது. கணக்கில் பிழை என்று அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். மறுபடி கணக்கிட்டபோது, காயப்பட்ட பிள்ளைகள் மிகக் குறைவு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் வந்தது. சரியாகப் பட்டி போட்டால் முன்நோக்கியும் நல்ல பாதுகாப்புதான். பெற்றோரைக் குற்ற உணர்ச்சியில் தள்ளாதீர்கள்.

கொவென்ட்ரி நர்ஸ்:
அது உண்மை, அந்த எண்ணை நானும் சொல்வதில்லை. அதே அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்கள் சங்கம், ஆய்வு ஆட்டம் கண்ட பிறகும், 2018இல் பழைய "2 வயது வரை" என்ற கணக்கை எடுத்துவிட்டு, சீட்டின் அளவு அனுமதிக்கும் வரை பின்நோக்கி வையுங்கள் என்றது. ஸ்வீடனில் 4 வயது வரை இப்படித்தான் பழக்கம். அங்குள்ள பிளஸ் டெஸ்ட் கழுத்தில் விழும் விசையை அளக்கிறது. முன்நோக்கிய சீட் ஒன்றுகூட அதில் தேறியதில்லை.

வாந்திக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சில பிள்ளைகளுக்கு முன்னால் பார்த்தால் குறையும் என்பது சரிதான். சாய்வை மாற்றிப் பார்க்கலாம், கிளம்புமுன் பால் கொடுக்காமல் இருக்கலாம்.

வெம்பிளி மாமா:
இரண்டு பேரும் திசையைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தக் காரில் சீட் பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லையே! தங்கச்சி, பின்சீட்டுக்குக் கீழே தரையில் மூடி போட்ட பெட்டி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சீட்டிலிருந்து கார் தரையில் ஊன்றும் தாங்குகால் அந்த மூடிமேல் நிற்கக் கூடாது, மோதலில் உள்ளே இறங்கிவிடும். கார் கையேட்டில் எழுதியிருப்பார்கள். பின்நோக்கிய சீட் இடம் பிடிக்கும், முன்சீட்டை எவ்வளவு தள்ள வேண்டும் என்றும் உட்கார்ந்து பாருங்கள். முன்சீட்டிலேயே வைப்பதானால் ஏர்பேக்கைக் கட்டாயம் அணைக்க வேண்டும்.

ஐசோஃபிக்ஸில், அதாவது காரிலேயே இருக்கும் உலோகக் கொக்கிகளில், மாட்டும் ஐ-சைஸ் சீட்டுக்கு, சீட்டும் பிள்ளையும் சேர்ந்து 33 கிலோதான் கணக்கு. சுழலும் சீட்டுகள் கனமானவை, பிள்ளைக்கு எத்தனை கிலோ மிச்சம் என்று லேபிளில் பாருங்கள். எங்கள் பேரனுக்கு விலை கூடிய சீட்டை ஆன்லைனில் வாங்கி, காரில் ஆடியதால் திருப்பி அனுப்பினோம்.

ஹாரோ அம்மா:
இப்போதே போய்ப் பார்த்தேன் அண்ணா, தரையில் பெட்டி இருக்கிறது! கணவரும் இதையெல்லாம் படித்தார். முன்சீட்டில் தன் முழங்கால் இடிக்காவிட்டால் பின்நோக்கியே வாங்கலாம் என்கிறார். சனிக்கிழமை மகனையும் காரையும் கடைக்கே கொண்டுபோகிறோம். தாங்குகால் இல்லாமல் கார் பெல்ட்டால் கட்டும் சீட் யாராவது வைத்திருந்தால், இறுக்கமாக நிற்கிறதா சொல்லுங்கள்.