சுருளும் கெல்லாக்ஸ் பேஸ்பால் கார்டுகளை எப்படிக் காப்பாற்றுவது?

நண்பர்களே, வணக்கம். பழைய கார்டு சேகரிப்பவர்கள் இங்கே இருந்தால் உங்கள் உதவி வேண்டும்.

கெல்லாக்ஸ் நிறுவனத்தின் சீரியல் (காலை உணவுத் தானியம்) பெட்டிகளில் 1970 முதல் 1983 வரை போட்டுக் கொடுத்த, பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டுகள் என்னிடம் கொஞ்சம் இருக்கின்றன. முகப்பில் வரிவரியான பிளாஸ்டிக். அசைத்துப் பார்த்தால் ஆட்டக்காரர் பின்னணியிலிருந்து எழுந்து நிற்பது போலத் தெரியும். அந்தப் பிளாஸ்டிக்தான் இப்போது பிரச்சினை. வருடங்கள் போகப்போக அது சுருங்கி, கார்டு வில் மாதிரி வளைந்துவிடுகிறது. அழுத்தி நிமிர்த்தினால் வரிகளின் ஊடே விரிசல் விழுந்துவிடும்.

இதில் 1971 வரிசை கார்டுகளைப் பற்றித்தான் அதிகக் கவலை. மற்ற வருடங்களில் பெட்டியிலிருந்து கூப்பன் வெட்டி அனுப்பினால் முழுத் தொகுதியும் தபாலில் வந்துவிடும். 1971இல் மட்டும் அந்த வசதி இல்லை. 75 கார்டுகளையும் பெட்டி பெட்டியாக வாங்கித்தான் சேர்த்திருக்க வேண்டும். அதனால் நல்ல நிலையில் கிடைப்பதே அரிது.

வளைந்ததை அப்படியே விடுவது நல்லதா, இறுக்கமான கெட்டி உறையில் மெல்ல மெல்ல நிமிர்த்தலாமா? அறையின் ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நம்பிச் செய்வேன்.

இன்னொன்று. 1961 முதல் 1963 வரை போஸ்ட் என்ற இன்னொரு நிறுவனத்தின் சீரியல் பெட்டியின் அட்டையிலேயே பேஸ்பால் கார்டுகளை அச்சிட்டார்கள். கத்தரியால் வெட்டாத முழு அட்டை யாரிடமாவது இருந்தால், விலைக்குக் கேட்கவில்லை, தெளிவான படம் மட்டும் அனுப்புங்கள். என்னிடம் உள்ளவற்றின் ஓரங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.