ஆடிக்காற்றில் சுருட்டு: உங்கள் அனுபவம் என்ன?

வேலந்தாவளம் தோப்புக்காரர்

எங்கள் பக்கத்து ஆடிக்காற்றைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைவதெல்லாம் எங்கள் தென்னந்தோப்பில்தான் வந்து இறங்கும். துபாயிலிருந்து மச்சான் கியூபா சுருட்டு கொண்டுவந்திருந்தார். வீட்டில் மாமியார் இருந்ததால் கிணற்று மேட்டுக்குப் போனோம். கொஞ்ச நேரத்தில் மச்சானுடைய சுருட்டின் ஒரு பக்கம் காகித வளையம் வரை எரிந்துவிட்டது. மறுபக்கம் இலை கருகக்கூட இல்லை. சாய்த்து வெட்டிய மூங்கில் போல ஒரு சரிவு. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாப்பிள்ளை, இது என்ன விலை தெரியுமா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டார். என் சுருட்டு மட்டும் ஒழுங்காக எரிந்தது. அதே மேடு, அதே காற்று. ஏன்?

சித்தூர்வாசி

ஆடிக்காற்றின் மேல் பழி போடாதீர்கள். அது மேற்கிலிருந்து ஈரத்தோடு வருகிறது, இலையைக் கெடுக்காது. மார்கழியில் கிழக்கிலிருந்து வறண்டு வீசுமே திருவாதிரைக் காற்று, அதுதான் எமன். கள்ளுக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து திண்டுக்கல் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்தேன். இரண்டு இழுப்பில் மேல் இலை 'படக்'கென்று வெடித்து, உரிந்து, மீசையில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர் கள் குடுவையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இன்னும் கண்ட இடத்தில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

செங்கோட்டைப் பேரன்

காற்றில் சுருட்டு என்றால் எனக்குக் கொல்லம் ரயில்தான். அப்போது மீட்டர் கேஜ். ஆரியங்காவு தாண்டிப் பதின்மூன்று கண் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும். தாத்தா கதவோரம் நின்று சுருட்டு பிடிப்பார். ஒருமுறை பள்ளத்தாக்கிலிருந்து ஒரு காற்று ஏறி வந்தது. சுருட்டின் நெருப்பு மொத்தமாகக் கழன்று, செக்கச்செவேலென்று ஒரு கோலிக்குண்டு அளவில், அடுத்த பெட்டி ஜன்னலை நோக்கிப் பறந்தது. உள்ளே ஒரு பெண் குரல் மலையாளத்தில் உரக்கக் கத்தியது. தாத்தா அணைந்த சுருட்டை மடியில் செருகிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர் போல வந்து உட்கார்ந்து விட்டார். அந்த அம்மாளுக்கு என்ன ஆயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முப்பந்தல் பக்கம்

நீங்கள் சொல்வதெல்லாம் காற்றா? காற்றாலைகளுக்கு நடுவில் குடியிருக்கிறவர்களைக் கேளுங்கள். எங்கள் ஊர் சுடலைமாடன் கொடையில் தீப்பந்தம் அணைந்து அணைந்து போனது, எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். சாமியாடியின் சுருட்டு மட்டும் அணையவில்லை. சாமியின் சக்தி என்றார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்: நெருப்பு முனையை உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்திருந்தார். அருள் வந்து ஆடும்போதும் அந்தக் கை மட்டும் மாறவே இல்லை.

நகரி நண்பர்

சித்தூரில் எங்கே ஐயா திருவாதிரைக் காற்று? நானும் சித்தூர் மாவட்டத்தில் பல காலம் இருந்தவன்தான், கேள்விப்பட்டதே இல்லை. என் அனுபவம் சின்னது: மொட்டை மாடி, காற்று, சட்டையில் ஓட்டை. அவ்வளவுதான்.

ஆனால் எல்லோருக்கும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். காற்றில் தீக்குச்சியை நம்பாதீர்கள், பீய்ச்சி எரியும் லைட்டர் வாங்குங்கள். சுவர் மறைவில் நின்று, முனை முழுக்க ஒரே சீராகக் கனலும்வரை பொறுமையாகப் பற்றவையுங்கள். காற்று படும் பக்கம் வேகமாக எரியும், ஆகையால் சுருட்டை விரலில் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அணைந்துவிடுமோ என்று பயந்து அடிக்கடி இழுத்தால் சூடேறிக் கசக்கும். காற்று நாளில் நீளமான சுருட்டு வேண்டாம், குட்டையே போதும். பஸ் நிலையத்தில் வேண்டவே வேண்டாம், பொது இடத்தில் புகைப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 1999-லேயே தடை செய்தது. எங்கள் மாநிலத்தின் வடகோடியில், ஸ்ரீகாகுளம் பக்கம், பெண்கள் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். காற்றுக்கு அணையாது என்று யாராவது சொன்னால் முயன்று பார்க்காதீர்கள். மேலண்ணத்தில் புற்றுநோய் வருகிறது என்று மருத்துவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். வெளியே வைத்துப் புகைத்தாலும் வாய்க்கு நல்லதல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சித்தூர்வாசி

நான் பாலக்காட்டுச் சித்தூர். நீங்கள் ஆந்திரச் சித்தூர். முதலில் வரைபடத்தைப் பாருங்கள், பிறகு லைட்டர் வாங்கலாம்.

வேலந்தாவளம் தோப்புக்காரர்

நகரி நண்பரே, நான் லைட்டரைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் உருட்டுவது பற்றிச் சொன்னீர்களே, அது சரியாகத்தான் படுகிறது. நான் பேசும்போது கையில் எது இருந்தாலும் உருட்டிக்கொண்டே இருப்பேன், என் மனைவி அதற்காகவே திட்டுவாள். மச்சான் கையை அசைக்காமல், வளையம் எல்லோருக்கும் தெரியும்படி பிடித்திருந்தார். இதை அவரிடம் யார் சொல்வது?