பிராங்பர்ட் முதல் வகுப்பு முனையம்: ஒருமுறை நுழைவு விசாவோடு போக வழி உண்டா?

வணக்கம். அம்மாவும் நானும் அடுத்த மாதம் லுஃப்தான்சா முதல் வகுப்பில் பிராங்பர்ட் வழியாக சிகாகோ போகிறோம். நடுவில் 7 மணி நேரக் காத்திருப்பு. அம்மாவுக்குக் கடுமையான மூட்டுவலி. அங்கே 2004-இல் திறந்த தனி முனையத்தில் குளித்து, படுத்து எழுந்தால், விமானத்தடிக்கே காரில் கொண்டுவிடுவார்கள். அவருக்கு அந்த வசதி கிடைத்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன்.

சிக்கல் இதுதான்: அந்தக் கட்டடம் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே இருக்கிறது. எங்களிடம் இருப்பதோ ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசா (ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா). போகும்போதே வெளியே வந்தால் அந்த ஒரு நுழைவு தீர்ந்துவிடும்; திரும்பும்போது ஜெர்மனியில் அக்கா வீட்டில் தங்க அது வேண்டும்.

டிக்கெட் முகவரிடம் கேட்டேன், விசா விஷயம் அவருக்குத் தெரியவில்லை. விமான நிலைய வரைபடத்தையும் அலசிவிட்டேன். பி பகுதியில் உள்ள முதல் வகுப்பு லவுஞ்ச் கடைசி மாற்று.

நுழைவு பதிவாகாமல், உள்ளிருந்தபடியே அந்த முனையத்துக்கு யாராவது போயிருக்கிறீர்களா?